வாலில் ஏறிய காகம்

கரடிக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கடைத் திறப்பு, பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா என்று ஊரில் எங்கே கூப்பிட்டாலும் கரடி உடையை மாட்டிக்கொண்டு போய் நின்று நின்று, மனிதர் கரடியாகவே ஆகிப்போனார். கட்டின மனைவியே பக்கத்து வீட்டில், "எங்க வீட்டுக் கரடி இன்னும் வரல" என்றுதான் சொல்வாள். சொல்லும்போது அதில் கொஞ்சம் செல்லமும் இருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, ஆள் உழைப்பாளி. அந்த உடைக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் தெரியும். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். ஆனால் ஒரு குறை. எந்தக் குழந்தையும் அவரைக் கரடி என்று நம்பியதே கிடையாது. கிட்டே வரும், கரடியின் வாய்க்குள் எட்டிப் பார்க்கும், "அங்கிள், உள்ள ரொம்ப வேர்க்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகும். கிண்டல் செய்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். அந்த அக்கறைதான் அவரைக் கொன்றது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது, உள்ளே ஆள் இருப்பதை யாராவது ஒருத்தர் மறந்துவிட வேண்டும். இந்த ஆசையை மனைவியைத் தவிர யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போது மச்சான் ஒரு சேதி கொண்டுவந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அருங்காட்சியகத்து வாசலில் காவல் வேலை. "மாமா, எங்க மியூசியத்துல டைனோசருக்குன்னு புது ஹால் திறக்கிறாங்க. முற்றத்துல பசங்க நடுவுல நடமாட டைனோசர் உடை ஒண்ணு வந்திருக்கு. உள்ள போக ஆள் தேடுறாங்க. எங்க மாமாவை விட்டா ஆளே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். மானத்தை வாங்கிடாதீங்க."

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. டைனோசர்! கர்ஜித்தால் கூட்டம் சிதறி ஓடும். இதைப் பார்த்து எவன் வேர்க்குதா என்று கேட்பான்? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கர்ஜித்துப் பழகினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அருங்காட்சியகத்தில் அந்த ஹாலுக்குப் பொறுப்பான அம்மாளை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் எலும்பம்மா என்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பழங்கால எலும்புகளோடு கழித்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் பெட்டியைத் திறந்து உடையைக் காட்டியதும் கரடியின் முகம் தொங்கிப்போய்விட்டது. செதில் இல்லை, முள் இல்லை. கழுத்திலிருந்து வால் நுனிவரை கறுப்பும் பழுப்புமாக இறகு.

"மேடம், பார்சல் மாறி வந்துடுச்சு போல. இது ஏதோ பெரிய கோழி."

"மாறல. டைனோசர்தான்."

"டைனோசருக்கு இறகா?"

"எல்லாத்துக்கும் இருந்துச்சுன்னு சொல்லல. இதுக்கு இருந்துச்சு" என்றார் எலும்பம்மா. "இன்னொண்ணு. கர்ஜிக்க வேண்டாம்."

கிழிந்தது போங்கள். பழகி வைத்த ஒரே வித்தையும் போயிற்று.

அன்றைக்கே முற்றத்தில் ஒத்திகை. உடையின் சட்டம் இடுப்பில் பெல்ட்டாக மாட்டியது. தலை அவர் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்தது. பார்ப்பதற்குத் தொண்டையில் ஒரு வலை. கை இரண்டும் இறக்கைக்குள். காலுக்கு மூன்று விரல் வைத்த நீளமான செருப்பு. கரடி நடந்தார். எப்படி நடந்தார்? தெரிந்த மாதிரிதான் நடந்தார். நிமிர்ந்து, பாதம் முழுக்கப் பதித்து, வலமும் இடமுமாக ஆடி ஆடி. வால் பின்னால் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் உள்ளே நுழைய வேண்டுமா? இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், வெண்கலக் குரல், விரலை நீட்டி ஒரே கத்தல்.

"டேய், இது நம்ம ஸ்கூலுக்கு வந்த கரடி அங்கிள்டா! இறகு ஒட்டிக்கிட்டு வந்திருக்காரு!"

முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை, பேசவும் இல்லை. நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்!

அது போதாதென்று, முற்றத்துச் சுவரில் ஒரு காகம். நொண்டிக் காகம், மச்சான் தினமும் போடும் ரொட்டித் துண்டுக்காக வாசலோடு வாசலாகக் கிடப்பது. அது இறங்கி வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, தரையில் இழுபடும் வாலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கரடி நடக்க நடக்க, காகம் சவாரி வந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் முற்றமே அதிர்ந்தது. மச்சான் கூரையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டான்.

எலும்பம்மா சிரிக்கவில்லை. கூட்டம் போய், கரடி உடையைக் கழற்றியதும் சொன்னார்: "திறப்பு விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள சரியா வரலைன்னா மோட்டார் பொம்மை வெச்சுக்கலாம்னு மியூசியம் டைரக்டர் சொல்றார். பொம்மை வந்து பெட்டியோட காத்திருக்கு." கரடியின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "என்கூட வாங்க" என்றார்.

எலும்பு அறையில் சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒன்றை இழுத்து, பஞ்சுமேல் கிடந்த ஒரு கை எலும்பைக் காட்டினார். கல்லாகிப்போன எலும்பு, கரும்பழுப்பு நிறம். "விரல் வெச்சுப் பாருங்க. பயப்படாதீங்க." கரடி தடவினார். ஓரமாக மேடு மேடாய், வரிசையாய், ஒரே இடைவெளியில் சின்னப் புள்ளிகள். அடுத்து இன்னொரு எலும்பைக் கையில் வைத்தார். வெள்ளை, லேசு, ஊதினால் பறந்துவிடும். அதிலும் அதே மேடுகள், அதே வரிசை.

"இது ஒரு பெரிய பறவையோட இறக்கை எலும்பு. அந்த மேடுதான் இறகு வேர் பிடிச்ச இடம். முதல்ல பாத்தது டைனோசர். அதுக்கும் அங்கேயேதான் இருக்கு."

கரடி மறுபடி மறுபடி தடவினார். இறகு எப்போதோ உதிர்ந்து மண்ணாகிவிட்டது. அது இருந்த இடம் மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது! அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எலும்பம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. நெஞ்சுக் கவை எலும்பை எடுத்துக் காட்டினார், இரண்டிலும் உண்டு. உள்ளே குழல்போல வெறுமையான எலும்பு, மூன்று விரல் பாதம், பக்கவாட்டில் மடங்கும் மணிக்கட்டு, முட்டைமேல் உட்கார்ந்தபடியே கல்லாகிப்போன ஒரு தாயின் படம். ஒவ்வொன்றையும் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினார். "டைனோசர் அழிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப காலைல உங்க கூரை மேல உக்காந்து கத்துதே, அது யாரு? மத்த கிளையெல்லாம் பட்டுப்போச்சு. ஒரு கிளை மட்டும் தப்பிச்சுது. இந்த ஹாலுக்கு வர்ற பசங்க வேற எதை மறந்தாலும் பரவாயில்ல, வீட்டுக்குப் போய் ஒரு பறவையைப் பாத்து ஆச்சரியப்பட்டாப் போதும். அதுக்குத்தான் நீங்க நடக்கணும்."

"அப்ப இது எங்க வீட்டுக் கோழிக்குப் பாட்டியா மேடம்?"

"நேர் பாட்டி இல்ல. பாட்டியோட பெரியப்பா வழின்னு வெச்சுக்குங்க. பங்காளி."

வீட்டுக் கொல்லையில் மனைவி வளர்த்த கோழிக்கு மகாராணி என்று பெயர். பொருத்தமான பெயர்தான். தீனியைத் தனியாக வைத்தால்தான் தின்னும், பூனையைத் தெருமுனைவரை துரத்தும், கரடியைக் கண்டாலே கணுக்காலில் ஒரு கொத்து. இத்தனை காலம் அதைக் கரித்துக்கொட்டிய மனிதர், மறுநாள் காலையில் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, இத்தனை நாள் கோழியைப் பார்த்ததே இல்லை என்று. முழங்கால் பின்பக்கம் மடங்குகிறதே என்று நினைத்திருந்தார். அது முழங்காலே இல்லை, குதிகால்! நிஜ முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்படியென்றால் ஆயுள் முழுக்க விரல் நுனியில்தான் நடக்கிறது. காலைப் பார்த்தால் செதில். அதற்கு மேலே இறகு. இரண்டு காலத்தையும் ஒரே உடம்பில் போட்டுக்கொண்டு குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறது. மெல்லத் தூக்கி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினார். உடம்பு போனது, வந்தது. தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அந்தரத்தில் அப்படியே நின்றது. கரடி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மனைவி தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்தாள். "என்னங்க இது, காலங்காத்தால கோழியை வெச்சுத் தாலாட்டிக்கிட்டு?"

"ஏம்மா, இது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமே. முட்டை போடாம நாலு நாளா ஏமாத்திக்கிட்டு இருக்கிறவ."

"இவங்க ஆளுங்க இந்த உலகத்தையே ஆண்டவங்கம்மா!"

மனைவி கோழியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அதான் இவ்வளவு திமிரா" என்றாள்.

கரடி விடாமல் பழகினார். தொடையை முன்னால் மடக்கிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, தலையை வெட்டி நிறுத்தி, கொல்லையில் மகாராணி முன்னே, அவர் பின்னே. தெருவே வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. நாணமாவது மானமாவது! அச்சு அசலாகக் கோழி நடை வந்துவிட்டது.

வந்த நடையோடு உடைக்குள் புகுந்து, எலும்பம்மா முன்னால் நான்கு அடி எடுத்து வைத்தார். ஐந்தாவது அடியில் டைனோசர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

எலும்பம்மா ஓடிவந்தார். கழற்றி வெளியே இழுத்தபோது கரடியின் மூக்கு சிராய்ந்திருந்தது. மூக்கு வலித்ததைவிட மனசு வலித்தது. "மேடம், சத்தியமா கோழி மாதிரியேதான் நடந்தேன்" என்றார்.

"அதேதான் தப்பு. ரொம்ப நல்லாப் பாத்திருக்கீங்க, ஆனா பங்காளிக்கும் பங்காளிக்கும் நடுவுல என்ன மாறிப்போச்சுன்னு பாக்கல." அவர் தரையில் கிடந்த வாலைத் தூக்கினார். "இவ்வளவு நீள வால் கோழிக்கு எங்க இருக்கு? சுருங்கிச் சுருங்கி ஒரு துண்டு எலும்பாப் போச்சு. பின்னாடி பாரம் போனதும் தொடையை முன்னாடி மடக்கி, முழங்கால்லயே சமாளிச்சு நடக்குது. உங்களுக்கு வால் இருக்கு. தராசுல ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால். அதைத் தரையில இழுத்துக்கிட்டு வந்தா எப்படி? தொடையையும் வாலையும் ஒரு பெரிய தசை சேத்துக் கட்டியிருந்துச்சு. இடுப்புல இருந்து காலை வீசி நடங்க, வால் தானா பேசும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கோழிக்குஞ்சுக்குச் சின்ன வயசுலயே வால் கட்டி வளர்த்துப் பாத்தவங்க இருக்காங்க. நடையே மாறிப்போச்சாம்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை கரடி மெல்லிய குச்சி ஒன்றும் களிமண் உருண்டையும் எடுத்துக்கொண்டு மனைவி முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"மகாராணிக்கு ஒரு பெல்ட் தைக்கணும்."

"என்னது?"

"வால் மாட்ட."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயில்லா ஜீவனை வதைக்கிறதா என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். திட்டிக்கொண்டேதான் அளவெடுத்தாள், மிச்சத் துணியில், எங்கேயும் உறுத்தாமல், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தாள். மகாராணிக்கு மாட்டியதும் அது பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டார்கள், கெஞ்சினார்கள், தானியம் போட்டார்கள். ம்ஹூம். சத்தியாக்கிரகம்.

"நல்லா வேணும்" என்றாள் மனைவி.

அப்போது வேலியோரம் ஒரு வெட்டுக்கிளி அசைந்தது. மகாராணி எழுந்தது. முதல் அடியில் தடுமாறியது. இரண்டாவது அடியில் இறகுக்குள் ஒளிந்திருந்த தொடை கீழே இறங்கியது. கழுத்து முன்னால் நீண்டது. வழக்கமான குடுகுடு ஓட்டம் இல்லை. இடுப்பிலிருந்து வீசி, நீளமாக, நிதானமாக, ஒரு கால், அப்புறம் ஒரு கால். பின்னால் குச்சி வால் மெல்ல ஆடியது. நாலைந்து அடிதான் இருக்கும்.

"ஏங்க..." மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம மகாராணியா இது?"

எவ்வளவு பெரிய விஷயம், எவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை நாளும் இவர் வீட்டுக் கொல்லையில் அடங்கிக் கிடந்திருக்கிறது! கரடிக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பெல்ட்டை அவிழ்த்துவிட்டார். மகாராணி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இருவருக்கும் ஆளுக்கொரு கொத்து கொடுத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனது.

அதற்குப் பிறகு மனைவியை நிறுத்த முடியவில்லை. டைனோசர் வாலை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தாள். ஜன்னலுக்கு வெளியே பாதி வால் நீட்டிக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது. அடிப்பகுதியில் மணல் பைகளை வைத்துத் தைத்தாள். குனிந்து நின்றால் முன்பாரத்துக்கு வால் பாரம் சரியாகிவிடும், தரையைத் தொடாது. தொடையிலிருந்து வாலுக்கு இரண்டு பட்டை எலாஸ்டிக் இழுத்தாள். கரடி வலது காலை வீசினால் வால் ஒரு பக்கம் பேசியது, இடது காலை வீசினால் மறுபக்கம் பேசியது. முதுகு விட்டுப்போகிற வலி. ஒரு நாள்கூட முனகவில்லை மனிதர்.

திறப்பு விழா வந்தது. முற்றம் நிறையப் பிள்ளைகள். இரட்டைச் சடையும் முன்வரிசையில் இருந்தாள். ஓரத்தில் துணி போர்த்திய பெட்டி. உள்ளே மோட்டார் பொம்மை, பக்கத்தில் ஒரு ஆள் ஸ்விட்சில் கை வைத்தபடி. ஆள் சொதப்பினால் உடனே பொம்மையைத் திறந்துவிடு என்பது டைரக்டர் உத்தரவு. மச்சான்தான் பெல்ட்டை இறுக்கினான். "மாமா, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றான். இறுக்கின பெல்ட்டையே மறுபடியும் இறுக்கினான்.

கதவு திறந்தது. கரடி குனிந்தார், வால் எழுந்தது. விரல் நுனியில் நின்று, தலையை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தினார். பிறகு இடுப்பிலிருந்து காலை வீசினார்.

தொண்டை வலை வழியே அவருக்கு முற்றத்தில் ஒரு துண்டுதான் தெரிந்தது. அதில் நொண்டிக் காகம் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு சுவரில் இருந்தது. அன்றைக்கு வாலில் சவாரி செய்த அதே காகம். அதே உடை, அதே இறகு, அதே முற்றம். அது தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. ரொட்டி வாயிலிருந்து விழுந்தது.

அப்புறம் கத்தியதே ஒரு கத்தல்! பருந்தைக் கண்டால், பாம்பைக் கண்டால், கூட்டில் கைவைக்க வருகிறவனைக் கண்டால் கத்துகிற கத்தல். மரத்திலிருந்து, கூரையிலிருந்து, தெருவிலிருந்து காகங்கள் கிளம்பின. வானம் கறுத்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து தலையில் அடித்தன, முதுகில் கொத்தின, திரும்பி வந்து மறுபடி அடித்தன. மச்சான் குடையோடு ஓடிவந்தான்.

"விரட்டாதீங்க!" எலும்பம்மா அலறினார். "யாரும் கிட்டப் போகாதீங்க. விடுங்க, பசங்க பாக்கட்டும்!" அதட்டிச் சொன்ன குரல் பாதியிலேயே உடைந்துபோனது.

மச்சான் பாதி வழியில் நின்றுவிட்டான். உள்ளே இருப்பது சொந்த மாமா. பெல்ட்டை மாட்டியது சொந்தக் கை. இருந்தாலும் அதற்கு மேல் அவன் கால் நகரவில்லை.

கரடி நிற்கவில்லை. நின்றால் நடை கலைந்துவிடும். அடிவாங்கிக்கொண்டே, வால் வீசிக்கொண்டே, முன்வரிசையைக் கடந்தார். இரட்டைச் சடைப் பெண் டீச்சரின் புடவைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. அந்த வெண்கலக் குரல் இப்போது கிசுகிசுப்பாய் வந்தது.

"மிஸ்... அது கோழி மாதிரியே தலையை நிறுத்தி நிறுத்தி நடக்குது மிஸ்."

பெட்டியருகே நின்றவன் ஸ்விட்சிலிருந்து எப்போதோ கையை எடுத்திருந்தான்.

முற்றத்தின் கோடியில் மனைவி நின்றிருந்தாள். மணல் பையைத் தைத்தவள், எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டியவள், அந்த உடம்பின் ஒவ்வொரு தையலையும் கையால் அறிந்தவள். கரடி தலையைச் சாய்த்து, மகாராணி பார்க்கிற மாதிரி, ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் பக்கத்தில் நின்ற யார் வீட்டுக் குழந்தையையோ சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, ஓரடி பின்வாங்கினாள்.

உள்ளே கரடிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ள வழியில்லை. இரண்டு கையும் இறக்கையாக மடங்கியிருந்தன. அவர் அப்படியே நடந்தார்.